அத்தியாயம் 14: ஹால் டிவிக்கு வந்த பத்தொன்பது வீடியோ

“நீ இன்னைக்கு வேலைக்குப் போவலியா?”

காலையிலிருந்து தேவா இதைக் கேட்பது மூன்றாவது தடவை.

“இல்லன்னுதான சொல்லுதேன்,” என்றாள் வேல்விழி, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தபடி. “குத்தாலத்துல மெயினருவி, அஞ்சருவி எல்லாத்துலயும் வெள்ளம். யாரையும் குளிக்க விடல. லாட்ஜுல பாதிப் பேரு விடியுமுன்ன பெட்டியக் கட்டிட்டாங்க. மேனேஜரே லீவு எடுத்துக்கம்மான்னு சொல்லிட்டாரு. இன்னும் எத்தன தடவ கேப்பீய?”

“சும்மாதான் கேட்டேன்.”

தேவா முகத்தை டிவி பக்கம் திருப்பிக்கொண்டான். திரையில் வீடியோ கேம் கால்பந்து. அவனுடைய ஆட்டக்காரன் மைதானத்தின் நடுவில் அசையாமல் நிற்க, பந்தை எதிரணிக்காரன் தள்ளிக்கொண்டு போனான். தேவா விளையாடவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எட்டே முக்கால்.

வேல்விழியும் கடிகாரத்தைத்தான் பார்த்தாள்.

லீவுக்கு அருவி ஒரு சாக்கு. உண்மையான காரணம், போன வாரம் எதிர்வீட்டு பார்வதியம்மாள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டு சொன்ன ஒரு சேதி. “நீ அங்கிட்டு குத்தாலம் பஸ்ஸு ஏறுத. இங்கிட்டு பத்து மணியானா ஒரு லோடு ஆட்டோ வந்து நிக்கி. உன் வீட்டுக்காரரு ஏறிப் போறாரு. ஒரு மணிக்குத்தான் கொண்டாந்து விடுதான். ஓட்டிட்டு வாரவன் தலையில துண்டக் கட்டியிருக்கான், மூஞ்சி தெரியல. சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்.”

அன்றிலிருந்து வேல்விழிக்குச் சோறு இறங்கவில்லை. பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவன், ஆறு மாதமாக வீட்டுக்குள்ளேயே கிடக்கிறான். அவளிடம் சொல்லாமல் தினமும் எங்கே போகிறான்? சாயங்காலம் அவள் வீடு திரும்பும்போது அவன் சட்டை வியர்வையில் ஊறிக் காய்ந்து, கொடியில் தொங்கும். கேட்டால் “புழுக்கம்” என்பான். சாரல் அடிக்கிற ஜூலை மாதத்தில் தென்காசியில் என்ன புழுக்கம்?

குடிக்கப் போகிறானோ என்ற நினைப்பு வந்ததிலிருந்து அவளால் நேராகக் கேட்க முடியவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அதனால்தான் கேட்காமல், பத்து மணிக்கு வீட்டில் இருப்பது என்று முடிவு செய்தாள்.

அதுவரைக்கும் கையில் ஒரு வேலை இருந்தது.

தேவாவின் காலுக்கான வேலை. பொங்கல் லீவில் ஒரு விபத்து நடந்தது. பண்பொழி மலைக்கோயிலுக்குப் போய்விட்டு, தேவாவின் அண்ணன் முத்துச்செல்வத்தின் காரில் அண்ணனும் தம்பியும் திரும்பி வந்தார்கள். வழியில் பாலத்துச் சுவரில் கார் மோதியது. அண்ணன் உடம்பில் ஒரு கீறல் இல்லை. தம்பிக்கு வலது தொடையும் முழங்காலும் நொறுங்கிவிட்டன. “நான்தான் ஓட்டுனேன்,” என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தலைகுனிந்து நின்ற முத்துச்செல்வத்திடம், ஊர் கேட்க வேல்விழி சொன்னாள்: “இனிமே என் வீட்டு வாசல மிதிக்காதீங்க.” அவரும் மிதிக்கவில்லை.

இரண்டு ஆபரேஷன் ஆயிற்று. உள்ளே கம்பி. எலும்பு கூடிவிட்டது என்று டாக்டர் சொல்லிக் கொஞ்ச நாள் ஆகிறது. ஆனாலும் தேவா காலைத் தரையில் ஊன்றுவதாக இல்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போவான். மற்ற நேரம் டிவிக்கு முன்னால். ஆய்க்குடியிலிருந்து வந்து பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் சண்முகசுந்தரி, வாசலில் செருப்பை மாட்டும்போது மெதுவாகச் சொன்னாள்: “எலும்பு கூடிட்டுக்கா. மனசுதான் கூடல.”

அவள்தான் பயிற்சி வீடியோக்களைக் கொடுத்தாள். தினமும் இரண்டு வேளை அதைப் பார்த்துச் செய்ய வேண்டும். திங்கட்கிழமை வந்து பார்ப்பாள். அடுத்த மாதம் பட்டாளத்து மருத்துவக் குழு. அங்கே அவன் காலூன்றி நடந்து காட்டாவிட்டால் உத்தியோகம் போய்விடும்.

செல்போனில் போட்டுக் காட்டினால், “சின்னதா தெரியுது, கண்ணு வலிக்கி,” என்று தேவா ஒதுக்கினான். சரி, ஹால் டிவியில் பெரிதாகப் போட்டுவிடலாம் என்று பார்த்தால் அது பழைய டிவி. பென் டிரைவ் செருக இடமில்லை. லேப்டாப்பிலிருந்து வயர் போட்டுப் பார்க்க, லேப்டாப்பில் அந்த வயர் மாட்டும் வாய் உடைந்திருந்தது. கேம் ஆடும் கன்சோலில் பென் டிரைவைச் செருகினால் அது கண்டுகொள்ளவே இல்லை.

மீதி இருந்தது ஒரே வழி. பட்டாளத்து கேன்டீனில் தேவா ஆசையாய் வாங்கிய அந்த கேம் கன்சோல், வீட்டு வைஃபை வழியாக லேப்டாப்பில் இருக்கும் படத்தை இழுத்து டிவியில் காட்டும். காட்ட வேண்டும்.

“கொஞ்சம் ஆட்டத்த நிறுத்துதீங்களா?”

தேவா மறுபேச்சு பேசாமல் கன்ட்ரோலரை அவள் கையில் கொடுத்தான். அதுவே அவளுக்கு அதிசயமாக இருந்தது. மற்ற நாளாயிருந்தால் ஒரு சண்டை நடந்திருக்கும்.

கன்சோலில் வீடியோ பார்க்கும் இடத்தைத் திறந்தாள். வெள்ளை வட்டம் சுற்றிச் சுற்றி, கடைசியில், எந்தக் கம்ப்யூட்டரும் அகப்படவில்லை என்றது.

வேல்விழி அசரவில்லை. சீசன் நேரத்தில் முப்பது அறைக்காரர்களும் ரிசப்ஷனுக்கு வந்து கேட்பது இரண்டே கேள்விதான்: அருவியில் தண்ணீர் விழுதா, வைஃபை ஏன் வரவில்லை. முதல் கேள்விக்கு மேற்கே பார்த்துப் பதில் சொல்லிவிடுவாள். இரண்டாவதற்கு அவளே மாடி ஏறி இறங்கி, மூன்று வருஷத்தில் ரவுட்டர் வைத்தியம் பாதி கற்றிருந்தாள்.

முதல் மருந்து எல்லாவற்றையும் அணைத்துப் போடுவது. போட்டாள். மறுபடியும் வட்டம் சுற்றியது. அகப்படவில்லை.

“நெட்டு வந்துட்டா?” என்று கேட்டான் தேவா. செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

“வரும் வரும். எதுக்கு அவசரம்?”

“ஒண்ணுமில்ல.”

ஒன்பது ஐந்து.

அவள் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு சின்ன ரவுட்டர், பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. முன்னறையில் இருக்கும் பெரிய ரவுட்டரின் சிக்னல் ஹாலுக்கு எட்டவில்லை என்று, போன வருஷ லீவில் தேவாவே வாங்கி மாட்டியது. கன்சோல் இந்தச் சின்னதோடு வயரில் கட்டியிருந்தது. லேப்டாப்போ பெரியதில் இருந்தது.

“அடச் சவமே,” என்றாள் வேல்விழி.

லாட்ஜின் இரண்டாம் மாடியிலும் இதே கூத்துதான். ஒரே கட்டடத்துக்குள் இரண்டு தெரு. சின்ன ரவுட்டர் தன் தெருவுக்குத் தானே கதவு எண் போட்டுக்கொள்கிறது. பெரிய தெருவில் இருக்கும் லேப்டாப்பைச் சின்னத் தெருவில் இருக்கும் கன்சோல் தேடினால் எப்படி அகப்படும்?

லேப்டாப்பைச் சின்ன ரவுட்டரின் வைஃபையில் சேர்த்தாள். சேர்ந்தது. இரண்டு நிமிஷத்தில் பழைய பாசத்தில் தானாகவே பெரியதுக்குத் தாவிவிட்டது. மறுபடி சேர்த்தாள். மறுபடி தாவியது.

“இரு, உனக்கு வைக்கேன்,” என்று முன்னறைக்குப் போய்ப் பெரிய ரவுட்டரின் சுவிட்சையே அணைத்துவிட்டாள்.

“ஏட்டி! என்ன செஞ்ச?” ஹாலிலிருந்து தேவாவின் குரல் பதறியது.

“வெளி நெட்ட நிறுத்திருக்கேன்.”

“எதுக்கு நிறுத்துத? எனக்கு ஒரு மெசேஜு அனுப்பணும்.”

“வெளியில இருந்து எதுவும் வர வேண்டாம். இங்கன இருந்து இங்கன போறதுக்கு வீட்டு ரவுட்டரே போதும். மெசேஜ அரைமணி கழிச்சு அனுப்புங்க.” பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தும் கேட்டுவிட்டாள். “யாருக்கு?”

“பட்டாளத்துக் கூட்டாளிக்கு.”

அவன் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். சிவந்திருந்தது. வேல்விழி லேப்டாப்புக்குள் குனிந்துகொண்டாள்.

தேவா வாக்கரைப் பிடித்து எழுந்தான். செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தத்தித் தத்திப் பின்கட்டு பாத்ரூமுக்குப் போனான். சாரல் காலத்தில் அந்தத் தெருவில் செல்போனுக்கு ஒரு கோடு சிக்னல் கிடைப்பதே பெரிய காரியம். பாத்ரூமுக்குள் அதுவும் கிடையாது. அவனால் அங்கே யாரோடு பேச முடியும் என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே தண்ணீர் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

ஒன்பது முப்பத்தைந்து.

இந்த முறை லேப்டாப் சின்ன ரவுட்டரில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. ஆனாலும் கன்சோலுக்கு அது தெரியவில்லை. வேல்விழி லேப்டாப்பின் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். அங்கேதான் இருந்தது சங்கதி. புதிதாகச் சேர்ந்த இந்த வைஃபையை லேப்டாப் ஏதோ பஸ் ஸ்டாண்டு வைஃபை என்று நினைத்துக்கொண்டு, பொது இடம் என்று குறித்துவைத்திருந்தது. பொது இடத்தில் யாருக்கும் முகம் காட்டாமல் இருப்பதுதான் லேப்டாப்புக்கு அழகு. அதன் மேல் தப்பில்லை.

‘பொது’ என்பதை ‘தனி’ என்று மாற்றினாள். கூடவே, மற்ற கருவிகளுக்குப் படம் அனுப்பலாமா என்று கேட்ட இடத்தில் ‘ஆம்’ என்று அழுத்தினாள். கன்சோலின் பெயரைக் காட்டி, இதற்கு அனுப்பலாமா என்றது. அதற்கும் ‘ஆம்’.

டிவியில் வட்டம் ஒரு சுற்றுச் சுற்றியது. நின்றது.

தேவாவின் லேப்டாப் பெயர், சின்னப் படத்தோடு, திரையின் நடுவில் வந்து உட்கார்ந்தது.

“வந்துட்டு!” என்று தன்னையறியாமல் கத்திவிட்டாள். கேட்க ஆளில்லை. பின்கட்டில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஒரு நிமிஷம் லோடு ஆட்டோ, வியர்வைச் சட்டை எல்லாம் மறந்து, அவளுக்கு உடம்பே லேசானது போலிருந்தது.

உள்ளே போனாள். சண்முகசுந்தரியின் வீடியோக்களைத் தேடினாள். காணோம். அவற்றை இறக்கிவைத்த இடம் வேறு, கன்சோலுக்கு லேப்டாப் திறந்துகாட்டும் இடம் வேறு என்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. திறந்துகாட்டும் இடத்தில் என்னதான் இருக்கிறது என்று பார்த்தாள்.

‘கேமரா’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. உள்ளே பத்தொன்பது வீடியோ.

தேவாவின் செல்போனில் எடுப்பதெல்லாம் தானாக லேப்டாப்பில் வந்து விழும்படி எப்போதோ அவனே செய்து வைத்திருந்தான். செய்ததை அவன் மறந்திருக்க வேண்டும். தேதிகளைப் பார்த்தாள். எல்லாமே கடந்த மூன்று வாரச் சொச்சத்தில் எடுத்தவை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை. எல்லாம் பகல் பதினொரு மணி, பதினொன்றரை.

அவள் குற்றாலத்தில் இருக்கும் நேரம்.

திறக்காமல் விட்டுவிடலாம் என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம் பொத்தானை அழுத்திவிட்டது.

டிவி நிறையப் பெரிய பெரிய அண்டாக்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய சேர்கள். கூரையைத் தொடும்படி சாத்திவைத்த பந்தல் கம்புகள். அந்த இடத்தை அவளுக்குத் தெரியும். சுரண்டையில், முத்துச்செல்வம் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடும் கடையின் பின்பக்கக் குடோன்.

நடுவில் இரண்டு பந்தல் கம்புகளை இடுப்பு உயரத்தில் இணையாகக் கட்டியிருந்தது. அதற்கிடையில் தேவா, இரண்டு கையாலும் இரண்டு கம்பையும் பிடித்தபடி. வலது காலை மெல்ல இறக்கினான். விரல் தரையைத் தொட்டது. முகம் கோணியது. அடுத்த நொடி அப்படியே மடிந்து விழுந்தான்.

வேல்விழி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எந்தி,” என்றது படம் எடுப்பவரின் குரல். “விழுந்தா என்ன? சாக்கு விரிச்சிருக்கேன்லா. எந்திலே தம்பி.”

அந்தக் குரலை ஆறு மாதமாக அவள் கேட்கவில்லை. கேட்கவே கூடாது என்று இருந்தாள்.

ஐந்தாவது வீடியோவைத் திறந்தாள். தேவா விழவில்லை, நின்றான், எண்ணிக்கை இருபது வரும்வரைக்கும். எண்ணியது அந்தக் குரல். ஒன்பதாவதில் கம்பைப் பிடித்துக்கொண்டு அந்த முனைவரைக்கும் போனான். பன்னிரண்டாவதில் கோபம் வந்து, “என்னால முடியாதுண்ணே, என்ன வீட்டுல கொண்டு விட்டுரு,” என்று கத்தினான். “விட்டுருதேன். இன்னும் ஒரு தடவ நடந்துட்டுப் போவோம்,” என்றது குரல், பதறாமல்.

பத்தொன்பதாவது நேற்று எடுத்தது. தேவா கம்புகளுக்கு நடுவே நின்றான். இரண்டு கைகளையும் எடுத்தான். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு அடி, எதையும் பிடிக்காமல்.

“லே தேவா! லே!” படம் ஒரேயடியாக ஆடியது. குடோன் தரை தெரிந்தது, தேய்ந்த ரப்பர் செருப்புப் போட்ட இரண்டு கால் தெரிந்தது. அப்புறம் படம் இருட்டிவிட்டது, யாரோ செல்போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்ட மாதிரி. இருட்டுக்குள் ஒரு ஆண்பிள்ளை விம்முகிற சத்தம் மட்டும்.

வேல்விழி டிவிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். குடிக்கப் போகவில்லை. குடிக்கப் போகவே இல்லை. அந்த ஒன்றையே நெஞ்சு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டது. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

“அத அணை.”

தேவா பின்கட்டு வாசற்படியில் வாக்கரைப் பிடித்து நின்றான். தன்னுடைய குரலைத் தானே கேட்டு வந்திருக்கிறான். முகம் வெளுத்திருந்தது.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“எப்படிச் சொல்ல? எங்க நடக்கியன்னு கேப்ப. அண்ணன் குடோன்லன்னு சொன்னா, நீ...” அவன் முடிக்கவில்லை.

“நான் என்ன, ராட்சசியா?”

“அப்படிச் சொல்லலட்டி.” அவன் தரையைப் பார்த்தான். “நீ காலையில ஓடுத, சாயந்தரம் வந்து சமைக்க. ராவும் பகலும் என் காலையே பாக்க. உன் முன்னால விழ எனக்கு முடியல. அண்ணன் முன்னால விழலாம். சின்னப் புள்ளையில இருந்து அவன் முன்னாலதான விழுந்திருக்கேன்.”

வேல்விழி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தெருவில் லோடு ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

பத்து மணி.

“மெசேஜு போவல,” என்றான் தேவா, பரிதாபமாக. “வராதன்னு அடிச்சேன். நீதான் நெட்ட அணைச்சிட்ட.”

அவள் எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. லோடு ஆட்டோவுக்குள் தலையில் துண்டு கட்டிய முத்துச்செல்வம், வாசலில் வந்து நிற்பது யார் என்று பார்த்ததும் திகைத்துப்போனார். அவசரமாகப் பின்னால் எடுக்கப் பார்த்தார். வண்டி இருமிவிட்டு நின்றுவிட்டது.

“பெரியத்தான்.”

“இல்லம்மா... பந்தக்கம்பு ஏத்தணும்னு இந்தப் பக்கமா வந்தேன். உள்ள வரல. இந்தா போயிருதேன்.” சாவியைத் திருகிக்கொண்டே பேசினார். ஆள் இளைத்திருந்தார். தாடியில் பாதி வெள்ளை.

“எறங்குங்க.”

“வேண்டாம்மா. நீ அன்னைக்குச் சொன்னது...”

“அன்னைக்குச் சொன்னதும் நான்தான். இன்னைக்குச் சொல்லுததும் நான்தான். மழையில நனையாம உள்ள வாங்க.” அவள் வண்டி அருகில் வந்தாள். “பத்தொம்பதையும் பாத்துட்டேன்.”

முத்துச்செல்வம் சாவியை விட்டார். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். மழையைத் துடைக்கிறவர் போல வெகுநேரம் துடைத்தார். எதிர்வீட்டில் பார்வதியம்மாள் வாசலுக்கே வந்து நின்று பார்த்தாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள் வேல்விழி.

ஹாலுக்குள் வந்த அண்ணனைப் பார்த்ததும் தேவா வாக்கரை ஒரு ஓரமாகத் தள்ளினான்.

“லே, பைய,” என்றார் முத்துச்செல்வம், செருப்பைக் கழற்றக்கூட மறந்து. “கம்பு இல்ல இங்கன. தரை வழுவழுன்னு கெடக்கு.”

“நீ அங்கன நில்லு.”

அவர் அடுப்படி வாசலில் போய்க் கைகள் இரண்டையும் நீட்டிக்கொண்டு நின்றார். வேல்விழி சுவரோரமாக ஒதுங்கினாள். பிடிக்கப் போகக் கூடாது என்று தன் கைகளைத் தானே இறுக்கிக்கொண்டாள்.

தேவா வலது காலை எடுத்து வைத்தான். நடுங்கியது. ஊன்றினான். இடது கால். வலது. மூன்றாவது அடியில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்துவிட்டான். நான்கு. ஐந்து. ஆறாவது அடியில் அண்ணனின் இரண்டு கைக்குள் போய் விழுந்தான்.

“ஆறுலே,” என்றார் முத்துச்செல்வம். “நேத்து நாலு.”

மூன்று பேரும் யார் அழுகிறார், யார் சிரிக்கிறார் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்கள். திங்கட்கிழமை சண்முகசுந்தரி வந்தால் அவள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்ததும் வேல்விழிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வாரமாகத் தொண்டையில் நின்ற சோறு இப்போதுதான் இறங்கினாற்போலப் பசித்தது.

“உக்காருங்க. இட்லி ஊத்துதேன்,” என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் முன்னறை ரவுட்டரைப் போட்டுவிட்டாள்.

அடுப்பில் இட்லிக் கொப்பரையை ஏற்றுவதற்குள் ஹாலிலிருந்து அண்ணனும் தம்பியும் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். எட்டிப் பார்த்தாள். முத்துச்செல்வம் தன் செல்போனை நீட்டிக் காட்டினார். தேவா அடித்த மெசேஜ் இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. “அண்ணே, இன்னைக்கு வந்துராத. அவ வீட்டுல இருக்கா. நோண்டிக்கிட்டே இருக்கா.”

“நோண்டுனதுனாலதான் உங்க குட்டு வெளிப்பட்டுச்சு,” என்றாள் வேல்விழி.

முதல் ஈடு இட்லியைத் தட்டில் எடுத்துக்கொண்டு வந்து முத்துச்செல்வத்தின் முன்னால் வைத்தாள். தேங்காய்ச் சட்னியை ஊற்றினாள். அவர் ஒரு விள்ளல் வாயில் போட்டதும், அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

“பெரியத்தான், அன்னைக்கு ஆஸ்பத்திரியில அத்தன பேரு முன்னால நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. கார ஓட்டுததுல யாருக்கும் ஒரு நிமிஷம் தவறும். அதுக்காக...”

“அத விடும்மா,” என்றார் அவர் சட்டென்று. “முடிஞ்சுபோன கதை. இன்னொரு இட்லி வைய்யி.”

“விடாத,” என்றான் தேவா.

அவன் சிரிப்பு போய்விட்டிருந்தது. தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

“ஏலே, சும்மா கெட,” என்றார் முத்துச்செல்வம்.

“இல்லண்ணே. ஆறு மாசமா அவ உன்னத் திட்டும்போதெல்லாம் நான் டிவியப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். இனி முடியாது.” மனைவியை நிமிர்ந்து பார்த்தான். “வேல்விழி, அன்னைக்குப் பண்பொழியில இருந்து வரும்போது கார ஓட்டுனது அண்ணன் இல்ல.”

சட்னிக் கரண்டி வேல்விழியின் கையிலேயே நின்றது.

முத்துச்செல்வம் பாதி இட்லியோடு எழுந்துவிட்டார். “மழ வலுக்குது. சுரண்டையில ஒரு கல்யாண வீட்டுக்குச் சேர் எறக்கணும், நான் வாரேன்...”

“உக்காருங்க,” என்றாள் வேல்விழி. எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். “கொப்பரையில இன்னும் ரெண்டு ஈடு இருக்கு. சேர் பெறவு எறக்கலாம்.”

திரும்பி வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. காலையிலிருந்து இத்தனை பார்த்துவிட்ட பிறகு இனி எதைக் கேட்டாலும் தாங்கும் என்று மனம் சொன்னது.

“சரி. அப்ப யாருதான் ஓட்டுனது?”

“நான்தான்,” என்றார்கள் அண்ணனும் தம்பியும், ஒரே நேரத்தில்.